கூரைவரை எட்டாத சுவர்

தோட்டத் தொழிலாளருக்கான எங்கள் லயத்து வரிசை வீடுகளைக் கட்டிய வெள்ளைக்காரன் கல்லிலும் சுண்ணாம்பிலும் கஞ்சத்தனம் பிடித்தவன். காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் எழுப்பிய சுவரை ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நிறுத்திவிட்டுப் போய்விட்டான். அதற்கு மேல் கூரைவரைக்கும் வெறும் வெளி. ஒரு வீட்டில் கருவாடு சுட்டால் பன்னிரண்டு வீட்டுக்கும் வாசம் வரும். ஒரு வீட்டில் புருசன் பெண்டாட்டி சண்டை போட்டால் மற்ற பதினொரு வீட்டுக்கும் யார் பக்கம் நியாயம் என்று தெரியும். இதை நான் பெருமையாக எழுத வரவில்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரே அறை, அதற்கும் முழுச் சுவர் கிடையாது என்பதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? அந்த இடைவெளியை நாங்கள் எதைக் கொண்டு அடைத்தோம் என்று சொல்லத்தான் வந்தேன். சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். வரட்டும்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில் பசறைக்கு மேலே இருக்கிறது. அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. கட்சிகளின் பெயரையும் சொல்லப் போவதில்லை. நாங்கள் அவர்களுக்குக் கொடுத்த விளம்பரம் ஏழு தலைமுறைக்குப் போதும்.

எங்கள் காம்பராவுக்கு அடுத்தது சித்தப்பாவுடையது. அப்பாவுக்குக் கூடப் பிறந்தவர் அவர் ஒருவர்தான். அவருடைய பிள்ளைகள் இரண்டு பேரும் கொழும்பில் கடை வேலைக்குப் போய்விட்டதால் அந்த வீட்டில் அவரும் சித்தியும் மட்டும் இருந்தார்கள். சித்தப்பாவுக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. அம்மாவும் சித்தியும் கொழுந்து பறிக்கிறவர்கள். காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போகும் நேரம் வந்தால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சித்தியின் குரல் வரும்.

"அக்கா, கெளம்பிட்டீங்களா?"

"இந்தா வந்துட்டேன்" என்பாள் அம்மா. பாதி நாள் அவள் அப்போதுதான் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டிருப்பாள். நான் பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் அலாரம் வைத்து யாரும் எழுந்ததில்லை. சித்தி முக்காலியில் ஏறி நின்று, சுவருக்கு மேலாகத் தேங்காய்ச் சம்பல் கிண்ணத்தை நீட்டுவாள். அம்மா இந்தப் பக்கம் பெஞ்சில் ஏறி வாங்குவாள். வாசல் வழியாக நாலு எட்டு நடந்து வந்து கொடுத்திருக்கலாம். இரண்டு பேருக்கும் அந்தப் புத்தி ஒரு நாளும் வந்ததில்லை.

அப்பா எங்கள் தோட்டத்தில் ஒரு தொழிற்சங்கத்துக்குத் தலைவர். இங்கே சங்கம் என்றால் கட்சி, கட்சி என்றால் சங்கம். கொழுந்துக் கூடையைத் தூக்குகிற ஒவ்வொருத்தியும் ஏதாவது ஒரு பெரிய மனிதரின் படத்துக்குக் கீழேதான் நிற்க வேண்டும். ஒரு வருடம் அப்பாவின் கட்சி ஆட்கள் கூரைக்குத் தகரம் கொடுக்கப் பெயர்ப் பட்டியல் கேட்டார்கள். சித்தப்பா வீட்டுக் கூரைதான் லயத்திலேயே மோசம். மழை பெய்தால் சித்தி சட்டி பானைகளைத் தரையெல்லாம் பரப்பி வைப்பாள். அப்பா பட்டியலில் தம்பியின் பெயரைப் போடவில்லை. மறக்கவில்லை, வேண்டுமென்றுதான் போடவில்லை. சொந்தக்காரனுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டான் என்று ஒரு நாக்கு சொல்லிவிடக் கூடாதாம். தன் பெயரையும் போட்டுக்கொள்ளவில்லை. இந்த நேர்மையை நினைத்து அவர் பல நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். அந்த நேர்மைக்கு நனைந்தது யார் என்று அவர் யோசிக்கவில்லை.

"அடுத்த தடவ பாத்துக்கலாம் தம்பி. ஆளுங்க என்னா பேசுவாங்க?" என்றார்.

"ஆளுங்க பேசுறது ஒங்க காதுல விழுது. எங்க வீட்டுல ஒழுகுறது விழலையாண்ணே?" என்று சித்தப்பா கேட்டார்.

அந்த மாதமே சித்தப்பா மற்றச் சங்கத்தில் சேர்ந்தார். அவர்கள் இப்படி ஒருவனுக்காகத்தானே காத்திருப்பார்கள். தலைவருடைய தம்பியே வந்துவிட்டான் என்று மாலை போட்டு, படம் பிடித்து, தகரமும் கொடுத்தார்கள். பழைய தகரத்தின் மேல் புதுத் தகரத்தை ஏற்றி அடித்ததில் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள பொருத்து வாயைத் திறந்துகொண்டது. முதல் மழையில் தண்ணீர் எங்கள் அடுப்பில் விழுந்தது. நல்ல தச்சன் ஒருவன் அரை மணி நேரத்தில் சரி செய்துவிடக் கூடிய விஷயம். ஆனால் அப்பா வாசலுக்கு முன்னாலுள்ள இஸ்தோப்புத் திண்ணையில் நின்றுகொண்டு, "அவனுங்க கட்சித் தண்ணிய எங்க வீட்டுக்கு அனுப்புறான்" என்று லயம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். அதற்கு அந்தப் பக்கத்தில் சிரிப்பு எழுந்தது. அவ்வளவுதான், தண்ணீருக்கும் கட்சி வந்துவிட்டது.

பிறகு பிரதேச சபைத் தேர்தல் வந்தது. தேர்தல் என்றால் எங்களுக்கு மூன்று வாரம் மூளையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுகிற காலம். நான் படித்தவள், ஆசிரியர் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தவள். இருந்தும் நான் ஒதுங்கி நிற்கவில்லை. அப்பாவின் கட்சி நோட்டீசுகளை வீடு வீடாகக் கொடுத்தேன். சித்தி வீட்டு வாசலில் மட்டும் கொடுக்காமல் தாண்டிப் போனேன். அதைச் சித்தி பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதும் எனக்குத் தெரியும்.

சுவருக்கு மேலே சம்பல் கிண்ணம் வருவது நின்று, பேச்சு மட்டும் வரத் தொடங்கியது. யாரும் யாரையும் நேராகப் பார்த்துப் பேசவில்லை. அடுப்பைப் பார்த்தும் பானையைப் பார்த்தும் பேசினார்கள். சித்திக்கு வாய் கொஞ்சம் நீளம். "அக்கா, ஒங்க தலைவரு மேடையில நாலு மணி நேரம் பேசினாராமே, பாவம், தண்ணி கிண்ணி குடுத்தீங்களா?" என்பாள். அம்மா பதில் சொல்லமாட்டாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். பதிலுக்கு நான் சொன்னவற்றை இங்கே எழுத மாட்டேன். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற வாயால் சொன்னவை அவை.

தேர்தலில் இரண்டு கட்சியும் எங்கள் வட்டாரத்தில் தோற்றுப் போயின. இதைவிடக் கேவலம் உண்டா? வெறுப்பு மட்டும் ஜெயித்தது. கூட்டம் முடிந்த மைதானத்திலிருந்து அப்பா ஒரு பெரிய பேனரைச் சுருட்டிக்கொண்டு வந்தார். கும்பிட்ட கையும் நாற்பது பல் சிரிப்புமாக அவருடைய பெரிய தலைவர். அதைச் சுவரின் உச்சியிலிருந்து கூரை மரம்வரைக்கும் அடிக்கப் போவதாகச் சொன்னார்.

"வேணாங்க. பொக போறதுக்கு வழி வேணும்" என்றாள் அம்மா.

"பொக வாசல் வழியாப் போகட்டும். அவ வாய மூடணும்" என்றார் அப்பா.

பேனரின் மறு முனையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் ஏறி நின்றவள் நான்தான். ஆணிகளை வாயில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தவளும் நான்தான். எனக்கு அன்றைக்கு ஒரு திருப்தி இருந்தது, அதை மறைக்க மாட்டேன். மறுநாளே சித்தப்பா அவர் பக்கத்தில் அவருடைய தலைவரை அடித்தார். இரண்டு பெரிய மனிதர்களும் ஒருவருக்கு ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு எங்கள் கூரைக்குக் கீழே நின்றார்கள். நடுவில் எலி குடும்பம் நடத்தியது. புகையில் எங்கள் தலைவரின் பல் ஒரு மாதத்தில் மஞ்சளாகி, இரண்டு மாதத்தில் கறுத்துப் போனது. அதற்குக் கீழே உட்கார்ந்து அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு ரொட்டி சுட்டாள். காலையில் "அக்கா, கெளம்பிட்டீங்களா" நின்றுபோனது. இரண்டு பேரும் ஒரே மலைக்கு ஐந்து நிமிட இடைவெளி விட்டுப் போனார்கள்.

இப்படியே ஒரு வருடம் போனது. பிறகு அந்த நாள் வந்தது.

பள்ளிக்கூட விடுமுறை. அம்மா மலைக்குப் போயிருந்தாள், அப்பா பசறையில் சங்கக் காரியாலயத்தில். நான் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். அடுத்த காம்பராவில் சித்தி இருக்கிறாள் என்பது இருமல் சத்தத்தில் தெரிந்தது. தலைவலி என்று வேலைக்குப் போகாமல் நின்றிருக்கிறாள், அதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. எட்டரை மணிக்குக் குடம் ஒன்று விழுந்து உருண்டது. எட்டரை என்பது எனக்கு நிச்சயம். ஏனென்றால் நான் நிமிர்ந்து மணியைப் பார்த்தேன். கொஞ்சம் கழித்து, "அக்கா" என்று ஒரு குரல் வந்தது. பிறகு இன்னொரு தடவை, இழுத்து.

பேனர் என்ன, காற்றுக்கு ஆடுகிற துணி போன்றதுதானே. சத்தத்தைக் கொஞ்சம் மந்தமாக்குமே தவிர நிறுத்தாது. எனக்குக் கேட்டது. கேட்டது என்பதைத் திருப்பித் திருப்பி எழுதிக்கொண்டே இருக்கலாம் போல இருக்கிறது. மறுபடியும் கிண்டலை ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்தேன். அம்மா மலையில் இருக்கிறாள் என்று தெரியாமல் வாயைக் கொடுக்கிறாள் என்று நினைத்தேன். செல்போனில் பாட்டைப் போட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு அடுத்த தாளை எடுத்தேன்.

பன்னிரண்டு மணிக்குச் சித்தப்பா சாப்பிட வந்தார். அவர் போட்ட கூச்சலில்தான் நான் எழுந்து ஓடினேன். சித்தி தண்ணீருக்கு நடுவில் ஒரு பக்கமாகக் கிடந்தாள். கண் திறந்திருந்தது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. எங்கள் சங்கம், அவர்கள் சங்கம் என்று பார்க்காமல் லயமே ஓடி வந்தது. கம்பளியில் வைத்துத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போனோம். காலடிப் பக்கம் ஒரு முனையை நான் பிடித்திருந்தேன். த்ரீவீலில் பசறைக்கும், அங்கிருந்து அம்புலன்ஸில் பதுளைக்கும் போய்ச் சேரும்போது மணி இரண்டரை தாண்டிவிட்டது.

டாக்டர் தமிழ் தெரிந்தவர். பாரிசவாதம் என்றார். எத்தனை மணிக்கு விழுந்தார் என்று கேட்டார். சித்தப்பா கையை விரித்தார். "தெரியாதுங்க ஐயா. நான் வேலையில இருந்தேன். வீட்டுல யாரும் இல்ல."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "எட்டரை மணிக்கு" என்றேன்.

டாக்டர் நேரத்தைக் கணக்குப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். இரத்தக் கட்டியைக் கரைக்க ஒரு மருந்து இருக்கிறது, அதை நாலைந்து மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும், இனிமேல் கொடுத்தால் ஆபத்து என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். அவர் உள்ளே போன பிறகு சித்தப்பா என் பக்கம் திரும்பினார்.

"அப்ப நீ வீட்டுலதான் இருந்தியாம்மா?"

அவர் கத்தவில்லை. கை ஓங்கவில்லை. சுவரோரத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். 

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "நம்மள நெசமாக் கூப்புடலன்னு நெனச்சேம்மா" என்றேன்.

"அவ வேற யார அக்கான்னு கூப்புடுவா?" என்றாள் அம்மா.

பிறகு கவ்வாத்துக் கத்தியை எடுத்தாள். தேயிலைச் செடியைத் தறிக்கிற கத்தி, வீட்டில் வாசலுக்குப் பின்னால் செருகி வைத்திருப்போம். பெஞ்சில் ஏறி எங்கள் தலைவரைக் கும்பிட்ட கையோடு குறுக்காக வெட்டினாள். அதற்குப் பின்னால் அவர்கள் தலைவரின் வெள்ளை முதுகு தெரிந்தது. கையை நீட்டி அதையும் கிழித்தாள். எலிக் கூடும் பஞ்சும் புழுக்கையும் அடுப்பில் கொட்டின. அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பதவிக் காலத்தில் அவர் பேசாமல் நின்ற ஒரே கூட்டம் அதுதான்.

சித்தி உயிரோடு வந்தாள். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று, ஒரு சொல்லைத் தவிர. அந்தச் சொல் "அக்கா". தண்ணீர் வேண்டுமென்றாலும் "அக்கா", வலித்தாலும் "அக்கா", சித்தப்பாவைக் கூப்பிடவும் "அக்கா". மூளையில் மிச்சமிருக்கிற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு சிலர் இப்படி ஆகிவிடுவதுண்டு என்று டாக்டர் சொன்னார். எத்தனையோ சொல் இருக்க, அது ஏன் மிஞ்ச வேண்டும்? சித்தி என்னைப் பார்த்தும் "அக்கா" என்பாள். நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

அதற்குச் சில மாதம் கழித்துப் பதுளையில் ஒரு மண்டபத்தில் கருத்தரங்கு நடந்தது. கட்சிகளுக்கிடையே பொது இணக்கம் காண்பது எப்படி என்று தலைப்பு. ஆசிரியர்கள் வர வேண்டும் என்று அதிபர் அனுப்பி வைத்தார். பெரிய தாளில் கலர் பேனாவால் இரண்டு வட்டம் வரைந்து, இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடத்தில் இரண்டு கட்சிக்கும் பொதுவானதை எழுதச் சொன்னார்கள். இரண்டு கட்சிப் பிரதிநிதிகளும் தலையைச் சேர்த்து வைத்துக்கொண்டு "மக்கள் சேவை" என்று எழுதினார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு எழுந்துபோய் அந்தப் பேனாவைப் பிடுங்கி, அந்த இடத்தில் "ஒரு பொம்பள மூன்றரை மணி நேரம் தரையில் கிடந்தாள்" என்று எழுத வேண்டும் போல இருந்தது. செய்யவில்லை. ரோல்ஸ் தின்று, டீயும் குடித்துவிட்டுப் பஸ் ஏறினேன். அதற்கும் சேர்த்து என்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது.

அவர்களுக்கு இணக்கம் காண மண்டபமும் வட்டமும் தேவைப்படவில்லை. அடுத்த பெரிய தேர்தல் வந்ததும் இரண்டு பெரிய தலைவர்களும் கூட்டணி வைத்துக்கொண்டார்கள். ஒரே மேடை, ஒரே மாலைக்குள் இரண்டு கழுத்து. "நாங்கள் என்றைக்கும் சகோதரர்களே" என்று டீவியில் சொன்னார்கள். எங்கள் வீட்டிலும் சித்தப்பா வீட்டிலும் ஒரே நியூஸ் ஓடிக்கொண்டிருந்தது. சுவருக்கு மேலே இரண்டு சத்தமும் ஒன்றாகக் கலந்து வந்தது. அப்பா டீவியை நிறுத்தினார். அடுத்த நொடி அந்தப் பக்கமும் நின்றது. உண்மையான சகோதரர்கள் இரண்டு பேரும் அப்போது பேசி வருடக் கணக்கு ஆகியிருந்தது. சித்தியை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்றுகூட அப்பா வாசல்வரை போய்த் திரும்பி வந்தவர்தான். இவர்களைப் பேச விடாமல் செய்தவர்களுக்குக் கட்டிப்பிடித்துக்கொள்ள ஒரு வெட்கமும் இருக்கவில்லை.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேர் ஏணியோடு வந்தார்கள். ஒருவர் எங்கள் சங்க அமைப்பாளர், மற்றவர் சித்தப்பாவின் சங்கத்து அமைப்பாளர். முன்பு ஒருவர் நோட்டீசை மற்றவர் கிழித்துச் சாக்கடைக் கானில் போட்டவர்கள். இப்போது ஒரே த்ரீவீலில் வந்து இறங்கினார்கள். இஸ்தோப்புக்கு முன்னால் தரையில் புதுப் பேனரை விரித்தார்கள். இரண்டு தலைவர்களும் தோளில் கை போட்டுச் சிரித்தார்கள்.

"தலைவரே, இனிமே நம்ம எல்லாம் ஒரே குடும்பம்" என்றார் அப்பாவின் ஆள். "ஒங்க வாசலுக்கும் தம்பி வாசலுக்கும் நடுவுல கட்டுறோம். நீங்க ஒரு பக்கம், அவரு ஒரு பக்கம் நின்னீங்கன்னா போட்டோவுக்கு நல்லா இருக்கும்."

அப்பா பேனரையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா தன் வாசலில் வந்து நின்றார்.  எனக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"இந்த வீட்டுல ஒரு ஆளு இருக்காங்க. அவங்கள ஒரு வார்த்த கேட்டுட்டுக் கட்டுங்க" என்று சித்தப்பாவின் காம்பராவைக் காட்டினேன்.

மற்ற அமைப்பாளர் செருப்பைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தார். சித்தி கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்திருந்தாள். "என்னம்மா, பேனர் கட்டலாந்தானே?" என்று சிரித்தபடி கேட்டார்.

"அக்கா" என்றாள் சித்தி.

அவர் விளங்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்னா சொல்றாங்க?"

"அவ்வளவுதான் சொல்லுவாங்க. மிச்சத்த நீங்க ரெண்டு கட்சியும் எடுத்துக்கிட்டீங்க."

நானும் சேர்ந்துதான் எடுத்தேன். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. சித்தியின் கண் என்மேலேயே இருந்தது. அவளுடைய முடங்கிய வாயைக் கல்லாக எடுத்து அவர்கள்மேல் எறிந்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. தேர்தல் காலத்துப் புத்தி எனக்குள்ளிருந்து போகவே இல்லை.

"எடுத்துக்கிட்டுப் போயிருங்க" என்றார் அப்பா. அதைச் சொல்லும்போது அவர் அமைப்பாளரைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்தார். சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதில் அவரைக் குறை சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை.

"அக்கா" என்று மறுபடியும் சித்தியின் குரல் வந்தது. இழுத்து, அன்றைக்கு எட்டரை மணிக்கு வந்த அதே மாதிரி.

"இந்தா வந்துட்டேன்" என்று அடுப்படியிலிருந்து அம்மா எழுந்து வந்தாள். கையில் சம்பல் கிண்ணமும் ஊறவைத்த ரொட்டியும் இருந்தன. அமைப்பாளர்கள் அவசரமாகக் குனிந்து பேனரை ஓரமாக இழுக்கப் பார்த்தார்கள். அம்மா அதற்கெல்லாம் நிற்கவில்லை. கொழுந்து மலை மண் ஏறிக் கறுத்த காலோடு இரண்டு தலைவர்களையும் மிதித்துக்கொண்டு அடுத்த காம்பராவுக்குள் போனாள்.